செய்னம்பு

தென்காசி வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் பாத்திமா என்னும் பெயருக்குக் கணக்கில்லை. பீர் பாத்திமா, மைதீன் பாத்திமா, செய்யதலி பாத்திமா என ஞானியர் பெயரை முன்னே பூண்டு வருவதாலேயே ஒருவரையொருவர் பிரித்தறிய முடிகிறது. தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடக்கமான பீர்முகம்மது அப்பா அவர்களின் நினைவு பெண்மக்கள் பெயரிலும் நிலைபெற்றது இவ்வாறுதான். அந்தப் பாத்திமாக்களுக்கு நடுவே அருகி வழங்கிய பெயர் 'செய்னம்பு'.

அரபியில் இது ஸைனப். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மூத்த புதல்வியார் இப்பெயரினர். நபிகளாரின் துணைவியருள் இருவர் ஸைனப். அவர்களுள் குஸைமாவின் மகளார் 'ஏழைகளின் அன்னை' என்று போற்றப்பட்டவர். கி.பி. 680இல் கர்பலாத் துயரத்திற்குப் பின், யஸீதின் அவையில் அஞ்சாது பேசியவராகப் போற்றப்படும் அலி (ரலி) அவர்களின் புதல்வியாரும் ஸைனபே.

இப்பெயர் எவ்வாறு செய்னம்பு ஆயிற்று? அரபியின் முதலெழுத்து தமிழில் இல்லாத அதிரொலி. அதற்குச் சகரமே இடந்தந்தது. ஐகாரம் நெல்லைச் சீமை நாவில் 'எய்' என ஒலிக்கும். ஸையித் செய்யிது ஆனதும் இவ்வழியே. வல்லின மெய் தமிழ்ச்சொல்லின் ஈறாக வாராது. ஆதலின் இறுதியில் ஓர் உகரம் ஏறியது. கிதாப் கிதாபு ஆனதும், ரஜப் ரஜபு ஆனதும் இந்த விதியால்தான். ஆனால் அவ்விரண்டிலும் புகாத மகரம் செய்னம்புவில் மட்டும் எங்கிருந்து வந்தது? முன்னே நிற்கும் னகரத்தின் மூக்கொலி பின்னும் படர்ந்து மகரமாயிற்று என்பதே என் துணிபு. கிதாபிலும் ரஜபிலும் அத்தகைய மெல்லினம் முன்னில்லை. தவிர, உயிர்களுக்கிடையே மெலிந்துபோகும் நம் பகரம், மகரத்தை அடுத்து வந்தால் அம்பு, கொழும்பு என்பவற்றிற்போலத் திண்மையாக ஒலிக்கும். பிழையென்று இகழப்படும் எழுத்தே மூல ஒலிக்குக் காவலாக நின்றிருக்கிறது!

அரபுத்தமிழில் எழுதுகையிலோ அரபியின் முதலெழுத்தையே இட முடிந்தது. கண் ஒன்றைக் கண்டது. நா மற்றொன்றைச் சொன்னது. இரண்டையும் ஒன்றெனவே கொண்டனர் நம் பாட்டிமார்.

ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் இதே பெயர் 'ஸைனபா' ஆகிவிடும். கணவாயின் இப்புறத்துச் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில்தான். ஆட்சி எல்லை இடம் மாறியது. நாவின் எல்லையாக மலை நின்றது.

குற்றாலத்துக் கோயிலில் அம்மையின் பெயர் குழல்வாய்மொழி. அப்பெயரைச் சூடிய பெண்களை அழைக்கையில் ழகரம் ளகரமாகித் தேய்வது இவ்வட்டாரத்தில் கேட்கக்கூடியதே. அதனால் அப்பெயர் கெட்டுவிட்டதென எவரும் வருந்துவதில்லை. செய்னம்புவுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

கடையநல்லூரார் சிங்கப்பூருக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தவர்கள்; அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் கண்டவர்கள். கடல்கடந்த இடத்தில் இப்பெயர் ஆங்கில எழுத்துக்குள் புக நேர்ந்தது. முதலெழுத்து எஸ், ஜே, இஸட் என்று எழுதுவோர் கைக்கேற்ப மாறியது. அண்டை வீட்டு மலாய்ப் பெண்ணும் ஸைனப் என்றே பெயர் பூண்டிருந்தாள்.

பாட்டியின் பெயரைப் பேத்திக்குச் சூட்டுவது நம் வழக்கம். இன்றைய பேத்தி அரபி முறைப்படி ஸைனப் ஆகிறாள், அது நன்றே. பாட்டியின் நிலைதான் இரங்கத்தக்கது. பாகப் பத்திரத்தில் செய்னம்பு பீவி, குடும்ப அட்டையில் ஜைனம்பு, ஆதாரில் ஜைனபு. வாரிசுரிமை கோரும்போது அவர் மூன்று ஆளாகி நிற்கிறார்; மூவரும் ஒருவரே என்று மக்கள் உறுதிமொழி எழுதித் தரவேண்டியுள்ளது. இத்தொல்லைக்கு அஞ்சி மீஸான் கல்லிலும் பெயரைத் 'திருத்தி' வெட்டச் சொல்வோர் உளர். கல்லைத் திருத்துவானேன்? 'செய்னம்பு பீவி என்ற ஜைனபு' என்று இரு வடிவையும் சேர்த்தெழுதும் முறை பத்திர எழுத்தர்களிடம் நெடுநாளாகவே உண்டு.