பீற்றர்லூக் கைலேஞ்சி

அருங்காட்சிச்சாலைக் கண்ணாடிப் பெட்டியில் பழைய பீங்கான் குவளையைக் காண்போர் அதன் பூவேலையை மெச்சிவிட்டு அப்பாற் சென்றுவிடுகின்றனர். அக்குவளைகள் சிலவற்றின்மேல் இரத்தம் சிந்திய நாளொன்றின் கதை வரையப்பட்டிருக்கிறது.

1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்ரர் நகரின் சென் பீற்றர் திடலில் ஏறக்குறைய 60,000 மக்கள் கூடினர். பஞ்சாலைகளால் இங்கிலாந்தைச் செழிக்கச் செய்த அந்நகருக்குப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர்தானும் இல்லை. வாக்குரிமை வேண்டி, ஹென்றி ஹண்டின் பேச்சைக் கேட்க வந்த நெசவாளர்மீதும் பெண்கள், குழந்தைகள்மீதும் நீதவான்களின் கட்டளைப்படி குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. 18 பேர் மாண்டனர். 600க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். நான்காண்டுகளுக்கு முன் பெற்ற வாட்டர்லூ வெற்றியைப் பரிகசித்து, இதற்குப் 'பீற்றர்லூ' என்று பெயர் வந்தது. நீதவான்களுக்கு அரசின் நன்றி கிடைத்தது. ஹண்டுக்கு இரண்டரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய 'ஆறு சட்டங்கள்' கூட்டங்களைக் கட்டுப்படுத்தின. மலிவான அரசியல் ஏடுகளின்மீதும் நான்கு பென்ஸ் முத்திரை வரியைச் சுமத்தின. ஏழையின் கைக்கு ஏடு எட்டக்கூடாது என்பதே நோக்கம். ஆனால் குவளைக்கு முத்திரை வரி ஏது?

செப்புத் தகட்டிற் செதுக்கிய சித்திரத்தை மையிட்டு மெல்லிய தாளில் எடுத்து, அத்தாளைப் பீங்கானில் அழுத்திச் சூளையிலிட்டால் படம் நிலைத்துவிடும். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள். ஹண்டின் முகமும் வாளோங்கிய குதிரைவீரரும் இவ்வாறே வீடுகளுக்குள் நுழைந்தனர். கைலேஞ்சியோ இன்னும் எளிது. மடித்துச் சட்டைப்பையில் மறைத்துவிடலாம். நடுவே படுகொலைக் காட்சியும், விளிம்பிலே அனைவருக்கும் வாக்குரிமை, ஆண்டுதோறும் பாராளுமன்றம், இரகசிய வாக்கெடுப்பு என்ற கோரிக்கைகளும் அச்சிடப்பட்ட கைலேஞ்சி ஒன்று இன்றும் எஞ்சியிருக்கிறது. எழுத்தறியாதவரும் படத்தைப் படிக்கலாமன்றோ!

இதனாற் பீங்கான் முதலாளிகள் எல்லோரும் மக்கள் பக்கம் நின்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். நெல்சனையும் வெலிங்டனையும் விற்றதும் இத்தொழில்தான். 1821இல் நான்காம் ஜோர்ஜின் முடிசூட்டு விழாவுக்குக் குவளை செய்ததும் இதுவே. எது விலைபோகுமோ அது சூளையேறியது. அந்தச் சூளைகளின் அருகே யார் நின்றனர் என்பதைப் பீங்கான் சேகரிப்போர் அதிகம் கேட்பதில்லை. ஸ்ரபோட்ஷயர்ப் பட்டறைகளில் சிறுவர்கள் ஈர அச்சுகளைச் சுமந்துகொண்டு வெப்ப அறைகளுக்கு நாள்முழுதும் ஓடினர். ஈயம் கலந்த மெருகுக் குழம்பிற் கைநனைத்தோரை ஈய நஞ்சு பற்றியது. 1841இல் நடந்த அரச விசாரணை இவற்றைப் பதிவுசெய்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, கூலிக் குறைப்பை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் அப்பகுதியெங்கும் பரவியது. பீங்கான் நகரான பேர்ஸ்லத்தில் திரண்ட கூட்டத்தின்மீது படையினர் சுட்டதில் ஓர் இளைஞன் உயிரிழந்தான். அன்று 1842 ஆகஸ்ட் 16. பீற்றர்லூவின் இருபத்துமூன்றாம் நினைவு நாள்.