காரைக்கால் சாலைகளுக்கான டயர்

காரைக்காலில் டயர் தேர்வைத் தீர்மானிப்பவை கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இந்த மாவட்டம், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே வங்கக் கடலோரம் கிடக்கும் காவிரிப் படுகைச் சமவெளி. மார்கழி இரவிலும் இங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும்.

பனிக்கால டயரின் ரப்பர், 7 பாகைக்குக் கீழும் இறுகிவிடாதபடி மென்மையாகச் செய்யப்படுவது. கொதிக்கும் தார்ச்சாலையில் அது இன்னும் இளகி விரைவில் தேயும். பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். ஆல்-வெதர் டயர் ஆண்டு முழுவதும் ஓடுவதோடு பனிச்சாலைச் சோதனையிலும் தேறியது. அதன் பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும். ஆல்-சீசன் டயர்கள் பலவற்றில் காணப்படும் 'எம்+எஸ்' (சேறு, பனி) குறி, தயாரிப்பாளர் தாமே இடுவது. சோதனைச் சான்று ஆகாது.

உறவினர் பிரான்சில் வாழும் காரைக்கால் குடும்பங்கள் பல. அங்கே மலைப்பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயரோ சங்கிலியோ வேண்டும் என்ற விதி 2021-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரிலிருந்து, சங்கிலி இல்லாவிட்டால், மலைச்சின்னம் உள்ள டயரே செல்லும். அந்த ஊருக்கு அது உயிர்காக்கும் விதி. காரைக்காலில் அதே டயருக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இங்கே உண்மையான ஆபத்து தண்ணீர். வேகமாக ஓடும் டயர், சாலையில் தேங்கிய நீரைத் தரையில் படும் பட்டனின் பள்ளங்கள் வழியே வெளியே தள்ள வேண்டும். பட்டன் தேய்ந்திருந்தால் நீர்ப்படலத்தின் மேல் வண்டி மிதக்கும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் கேட்காது. கார்களுக்குச் சட்டப்படி குறைந்த ஆழம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் தெரியும் சிறு மேடுதான் அதன் அளவுகோல். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் மொட்டை. கனமழை நாளில் அந்த அளவுகூடப் போதாது, 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது.

நடவுக்காலத்தில் டிராக்டர் வயலிலிருந்து இழுத்துவரும் களிமண் தாரில் அப்பிக் கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் அது வழுக்கும். அறுவடையில் சாலையிலேயே நெல் காயும். அந்த இடங்களில் எந்த டயரும் முழுப்பிடி தராது. வேகத்தைக் குறைப்பதே வழி.

டயரின் ஈரப்பிடிப்பு, உருள்தடை, ஓசை ஆகியவற்றுக்கு ஏஐஎஸ்-142 என்ற இந்தியத் தரவிதி 2022 அக்டோபர் முதல் புதிய வடிவங்களுக்குக் கட்டாயமானது. ஈரப்பிடிப்பைக் கேட்டு வாங்குவது பிராண்டு பெயரைப் பார்த்து வாங்குவதைவிடப் பயன் தரும். உப்புக் காற்றில் இரும்பு ரிம் துருப்பிடித்து, டயர் பதியும் விளிம்பு வழியே காற்று கசிவதும் உண்டு. காற்று குறைந்த டயர் வெயிலில் மிகையாகச் சூடாகி வெடிக்கலாம். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம்.

புரட்டாசி முடிவதற்குள் நான்கு டயர்களின் பட்டனையும் ஸ்டெப்னியின் காற்றையும் பார்த்துவிடுங்கள்.