தாய்–சேய் எச்.ஐ.வி. தொற்றுத் தடுப்பு

எச்.ஐ.வி. உள்ள தாயிடமிருந்து கருவிலோ பிரசவத்திலோ பாலூட்டும்போதோ குழந்தைக்குத் தொற்று பரவாமல் காக்கும் மருத்துவ முறை. எதுவும் செய்யாவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேர்வரை தொற்றுக்கு ஆளாகலாம். தாய் தவறாமல் மருந்து சாப்பிட்டால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும்.

இதில் ஏழை நாடுகளுக்கு வழிகாட்டியது ஆப்பிரிக்கா. உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதில், பிரசவ வலி கண்டதும் தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரப்பின் மாத்திரை ஒன்று, மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு வேளை மருந்து. தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்தியாவும் பல ஆண்டுகள் இதையே பின்பற்றியது. ஆனால் அந்த ஒற்றை மாத்திரையால் தாயின் நோய்க்குப் பயனில்லை. கிருமி மருந்துக்கு மசியாததாகவும் மாறக்கூடும். 2011இல் மலாவி, தொற்றுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் கூட்டு மருந்து என்று அறிவித்தது. ஓர் ஏழை நாடு இதைத் துணிந்து செய்தது. இந்தியா 2014இல் அந்த வழிக்கு வந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் அஞ்சுகிராமம் பக்கத்துக் கர்ப்பிணிக்கு இந்தப் பாதை, கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் தொடங்குகிறது. தொற்று உறுதியானால் நம்பிக்கை மையம் எனப்படும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்தில் ஆலோசனை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் இலவச மாத்திரை. குழந்தை தப்புவதை முக்கியமாகத் தீர்மானிப்பது பிரசவ அறையல்ல, அதற்கு முந்தைய இந்த மாதங்கள்தான்.

பிரசவத்தில் தனி வித்தை ஏதுமில்லை. பனிக்குடத்தைத் தேவையின்றி உடைப்பதில்லை. ஆயுதம் போடுவதையும் கூடியவரை தவிர்க்கிறார்கள். கொடியை வெட்டும்போது இரத்தம் தெறிக்காமல் மேலே துணி வைத்துக்கொள்கிறார்கள். தொற்று இருப்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. கையுறையும் கண்ணாடியும் எல்லாப் பிரசவத்துக்கும் உரியவை.

இரண்டரை கிலோவுக்குக் குறையாத குழந்தைக்கு நாள்தோறும் ஒன்றரை மில்லி நெவிரப்பின் சிரப், குறைந்தது ஆறு வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், மாட்டுப்பால் எதுவும் கூடாது. கலந்து கொடுப்பதே அதிக ஆபத்து. வீட்டுப் பெரியவர்களை இதற்கு இணங்கவைப்பது மருந்து கொடுப்பதைவிடக் கடினம்.

ஆறாவது வாரம் குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளிகளை அட்டையில் உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இறுதி முடிவு 18ஆம் மாதத்தில்தான் தெரியும்.

தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுப்பதும், சம்மதமின்றி வெளியே சொல்வதும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. ஐயம் கேட்க, கட்டணமில்லாத் தொலைபேசி 1097.