குறட்டையின் சரித்திரம்

குறட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா உமக்கு?" என்றார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. குறட்டை என்றாலே நாம் சிரிக்கத்தான் பழகியிருக்கிறோம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்கு ஒரே பையன். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். சில வருஷங்களுக்கு முன் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது அவனுக்கு நாலு வயது. நடுநிசியில் கூடமே அதிரும்படியாக ஒரு குறட்டைச் சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பையன் படுத்திருக்கவில்லை. சப்பணம் போட்டு உட்கார்ந்தபடியே முன்னால் கவிழ்ந்து, நெற்றியைப் பாயில் பதித்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கும்பகர்ணன்கூட இப்படி ஓர் ஆசனம் போட்டுத் தூங்கியிருக்க மாட்டான்!" என்றேன். விழித்துக்கொண்ட எல்லோரும் சிரித்தார்கள். பையனுடைய தாயார் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, கொஞ்ச நேரம் பேசாமல் கேளுங்கள்" என்றாள்.

கேட்டேன். குறட்டை சட்டென்று நின்றது. விலா எலும்புகள் மட்டும் உள்ளே இழுத்து இழுத்து அடங்கின. காற்றுப் போகும் சத்தமே இல்லை. மனத்துக்குள் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் குழந்தையின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. பெரிய மூச்சு ஒன்று. மறுபடியும் குறட்டை.

"ராத்திரி முழுக்க இப்படித்தான், மாமா. இவன் நன்றாகத் தூங்குகிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இவன் தூங்குவதே இல்லை என்று தோன்றுகிறது."

அந்த ஒரு வார்த்தை என்னைப் புத்தகங்களிடம் துரத்தியது. அங்கே நான் கண்ட சரித்திரம் விசித்திரமானது. அது இரண்டு ஆறுகளின் கதை. பக்கத்துப் பக்கத்தில் ஓடியும் நூறு வருஷங்களுக்கு மேல் ஒன்றோடொன்று கலக்காத ஆறுகள்.

முதல் ஆறு இங்கிலாந்தில் பிறந்தது. 1858-ல் ஜான் லாங்டன் டவுன் என்ற இளம் வைத்தியர், ஸர்ரே ஜில்லாவில் எர்ல்ஸ்வுட் என்ற இடத்தில் இருந்த விடுதிக்குத் தலைமை வைத்தியராக வந்தார். புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வசித்த இடம் அது. டவுன் அங்கே அடி உதைகளை நிறுத்தினார். வாசிகளைப் புகைப்படம் எடுத்தார். ஒவ்வொருவருடைய வாயையும் திறந்து பார்த்தார். 1862-ல் அவர்களுடைய வாயின் அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரையும், 1866-ல் பிற்காலத்தில் அவர் பெயரையே பெற்ற நிலையைப் பற்றிய கட்டுரையும் வெளியிட்டார். இந்தக் குழந்தைகளின் முகச் சாயலை வைத்து அவர்களுக்கு 'மங்கோலியர்' என்று பெயர் சூட்டினார். அந்தத் தவறான பெயர் ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1961-ல் விஞ்ஞானிகள் சிலர் அதை எதிர்த்து எழுதினார்கள். 1965-ல் மங்கோலிய தேசத்தார் முறையிட்ட பிறகு உலக சுகாதார ஸ்தாபனமும் அதைக் கைவிட்டது.

டவுனின் 1866-ஆம் வருஷத்துக் கட்டுரையில் முகம் உண்டு, நாக்கு உண்டு, பலவீனமான ரத்த ஓட்டமும் உண்டு. தூக்கம் மட்டும் இல்லை. எர்ல்ஸ்வுட்டின் படுக்கைக் கூடங்களில் அந்தச் சத்தம் கேட்டிராமல் இருக்க முடியுமா? விளக்கோடு நடந்த காவற்காரர்கள் கேட்டிருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் வைத்தியர் பகலில் வருகிறவர். காவற்காரர் கட்டுரை எழுதுகிறவரல்லர்.

இரண்டாவது ஆறு குறட்டையின் ஆறு. 1836-ல் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் டிக்கென்ஸ் ஜோ என்ற பருத்த பையனைப் படைத்தார். நின்றால் தூக்கம், நடந்தால் தூக்கம் அவனுக்கு. உலகமே சிரித்தது. 1868-ல் கோபன்ஹேகன் நகரத்து வைத்தியர் வில்ஹெல்ம் மேயர், மூக்குக்குப் பின்னால் வளர்ந்து மூச்சை அடைக்கும் அடினாய்டு சதையைப் பற்றி எழுதினார். 1889-ல் லண்டனில் வில்லியம் ஹில் என்பவர், மந்த புத்தி என்று வகுப்பில் பின்தள்ளப்படும் பிள்ளைகள் சிலருக்குக் குற்றம் மூளையில் இல்லை, அடைபட்ட மூக்கிலும் தொண்டையிலும்தான் இருக்கிறது என்று சொன்னார். 1892-ல் வில்லியம் ஆஸ்லர் தமது பிரசித்தி பெற்ற வைத்திய நூலில், டான்சில் பெருத்த குழந்தை இரவில் குறட்டை விடுவதையும், இடையிடையே மூச்சு நின்று மறுபடி இரைச்சலோடு வருவதையும் எழுதிவைத்தார். நான் அந்தக் கூடத்தில் கேட்ட அதே சத்தம்!

இவ்வளவு தெரிந்த பிறகும் விஷயம் அரை நூற்றாண்டுக்கு மேல் உறங்கிப் போயிற்று. 1956-ல் அமெரிக்காவில் பர்வெல் முதலிய வைத்தியர்கள் ஒரு பருத்த வியாபாரியின் கதையை வெளியிட்டார்கள். சீட்டாட்டத்தில் அபாரமான கை வந்திருந்தும் அதை ஆடாமல் தூங்கிவிட்டவர் அவர்! அவருடைய வியாதிக்கு அவர்கள் டிக்கென்ஸின் நாவல் பெயரையே வைத்தார்கள். 1965-ல் மார்ஸேயில் காஸ்தோ முதலியவர்கள் அத்தகைய நோயாளிகளை இரவு முழுவதும் கருவிகள் பொருத்திக் கவனித்தார்கள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, இப்படியே விடியும்வரை. 1976-ல் ஸ்டான்போர்டில் கீமினோவும் அவருடைய சகாக்களும் 8 குழந்தைகளிடம் இதையே கண்டு வெளியிட்டார்கள்.

சரி, டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள்? 1959-ல் பாரிஸில் லெஜூன் முதலியவர்கள் இதன் மூலகாரணத்தையே கண்டு சொல்லிவிட்டார்கள்: 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. காரணம் தெரிந்த பிறகு எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாகிவிட்டது. குழந்தை பகலில் சோர்ந்திருக்கிறதா? குரோமோசோம். பிடிவாதம் பிடிக்கிறதா? குரோமோசோம். பாடம் ஏறவில்லையா? அதேதான். இரவில் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

காரணமோ கண்ணெதிரே இருந்தது. இந்தக் குழந்தைகளுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது, மூச்சுப் பாதை குறுகலானது, தசைகள் தளர்ந்தவை. நாக்கு மிகப் பெரியது என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். உண்மையில் நாக்கு பெரிதல்ல, அது குடியிருக்கும் வீடுதான் சிறியது. தூங்கும்போது தசைகள் இன்னும் தளர, நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. உட்கார்ந்து முன்னால் கவிழ்ந்தால் நாக்கும் முன்னால் வருகிறது, வழி திறக்கிறது. நான் கும்பகர்ணாசனம் என்று கேலி செய்தேனே, அது அந்தக் குழந்தை மூச்சுக்காகத் தானே கண்டுபிடித்துக்கொண்ட வைத்தியம்! நிற்கும் ஒவ்வொரு மூச்சும் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பாரம். இவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இருதயக் கோளாறோடு பிறக்கிறவர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

1980-க்குப் பிறகுதான் இரண்டு ஆறுகளும் கலக்கத் தொடங்கின. 2006-ல் சின்ஸினாட்டி நகர ஆராய்ச்சி ஒன்றில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 56 சிறு குழந்தைகளை இரவில் சோதித்தார்கள். 100-க்கு 57 பேரிடம் கோளாறு இருந்தது. அதைவிட என்னை உலுக்கிய விஷயம் வேறு. பெற்றோர்களில் 100-க்கு 69 பேர், 'எங்கள் குழந்தை நன்றாகத் தூங்குகிறது' என்றே சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளிலும் பாதிக்கு மேல் சரியாகத் தூங்கவில்லை! 2014-ல் அரிசோனாவில் 38 பிள்ளைகளைச் சோதித்தபோது, இரவில் மூச்சு அடைபடுகிறவர்கள் மொழியறிவுப் பரீட்சையில் மற்றவர்களைவிட 9 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். குரோமோசோம் எல்லோருக்கும் ஒன்றுதான், தூக்கம்தான் வேறு. ஹில் 1889-ல் சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

2011-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் ஒரு விதி வகுத்தது. குறட்டை கேட்டாலும் கேட்காவிட்டாலும், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 4 வயதுக்குள் இரவுத் தூக்கச் சோதனை செய்துவிட வேண்டும் என்பது அது. பெற்றோரின் காதை நம்பாதே, கருவியை நம்பு என்பதே அதன் சாரம்.

எங்கள் பையனுக்கும் சோதனை நடந்தது. டான்சிலையும் அடினாய்டையும் எடுத்தார்கள். சாதாரணக் குழந்தைகள் பலருக்கு அதோடு தீர்ந்துவிடும். இவர்களில் பலருக்குத் தீராது; இவனுக்கும் தீரவில்லை. ஆகையால் காற்று முகமூடி வந்தது. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் ஸலிவன் வெளியிட்ட உபாயம் அது. மூக்கின் வழியாக இதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், மூடிக்கொள்ளப் பார்க்கும் தொண்டை திறந்தே இருக்கும்.

முதல் வாரம் பையன் அதைப் பிய்த்து எறிந்தான். தாயார் அதை விளையாட்டாக்கினாள். தகப்பனார் போட்டுக்கொண்டார், பாட்டி போட்டுக்கொண்டாள், கரடி பொம்மையும் போட்டுக்கொண்டது. ஒரு மாதத்தில் அவனே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான்.

அடுத்த தடவை நான் போயிருந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. நடுநிசியில் எழுந்து பார்த்தேன். பையன் மல்லாந்து படுத்து, கைகளை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் தாயார் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன் அம்மா இன்னும் தூங்கவில்லை?" என்று கேட்டேன்.

"சத்தம் இல்லையே, மாமா. பயமாக இருக்கிறது" என்றாள்.

சற்று நேரம் இருவரும் அவன் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சீராக ஏறி இறங்கிற்று. நான் எண்ணத் தொடங்கினேன். எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.