கொலையாளியின் நாக்கு: 'கொலம்போ' தொடரில் அறியாமையும் வித்தையும்

'கொலம்போ' தொடர் குறித்த எழுத்துகளில் பெரும்பகுதி இரண்டு கருத்துகளைச் சுற்றியே வருகிறது. முதலாவது, அது வர்க்கப் பழிதீர்ப்பின் கதை. கசங்கிய மழைக்கோட்டும் ஓட்டை பெஜோ 403 காருமாக வரும் ஒரு காவல்துறை லெப்டினன்ட், லாஸ் ஏஞ்சலீஸ் மாளிகைவாசிகளை ஒவ்வொருவராகச் சிறைக்கு அனுப்புகிறார். இரண்டாவது, அவருடைய அசட்டுத்தனம் வெறும் வேடம். மேல்தட்டினர் தன்னைத் துச்சமாக எண்ணி ஏமாறட்டும் என்றே அவர் தலையைச் சொறிகிறார், பாக்கெட்டில் பென்சிலைத் தேடுகிறார், வாசல்வரை போய்த் திரும்பி வந்து இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறார். இரண்டாவது கருத்தின் தோளில்தான் முதலாவது உட்கார்ந்திருக்கிறது. மேலோரின் முன் பேதையாக நடிப்பது எளியோரின் பழைய ஆயுதம் என்ற கோட்பாட்டை இங்கே பொருத்துவது எளிது.

அவ்வளவு எளிதாக அது பொருந்துவதே எனக்கு ஐயத்தைத் தருகிறது. அசட்டுத்தனம் வேடம்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் அசட்டுத்தனம் வேறு, அறியாமை வேறு. ஒயின் காய்ச்சுவது, சதுரங்கம், ஒளிப்படம், விளம்பர உளவியல் என்று கொலையாளியின் துறை எதுவானாலும் கொலம்போவுக்கு அதைப் பற்றி உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலும் உண்மையானது. கொலம்போவின் விசாரணை பெரும்பாலும் ஒரு கல்வி. அந்தக் கல்வியின் ஆசிரியர் கொலையாளியே. அவரை மாட்டிவைப்பது அவருடைய செல்வமோ செருக்கோ அல்ல, அவருக்கு மட்டுமே கைவந்த வித்தை. இதுதான் இக்கட்டுரையின் துணிபு. இதற்கு நான் சார்ந்திருப்பது, விதிவிலக்கு என்று ஓரங்கட்டப்பட்ட ஓர் அத்தியாயத்தை: 1973 அக்டோபரில் மூன்றாம் பருவத்தின் இரண்டாம் அத்தியாயமாக ஒளிபரப்பான 'எனி ஓல்டு போர்ட் இன் எ ஸ்டார்ம்'.

டொனால்டு பிளசன்ஸ் நடித்த ஏட்ரியன் கார்சினி ஓர் ஒயின் ஆலையை நடத்துகிறார். ஆலை அவருடையதல்ல. அது மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி ரிக்கின் சொத்து. மலிவு ஒயினை மொத்தமொத்தமாகக் காய்ச்சி விற்கும் மரினோ சகோதரர்களுக்கு அதை விற்றுவிடப்போவதாக ரிக் சொன்னதும், ஏட்ரியன் அவரை அடித்து வீழ்த்துகிறார். மயங்கிக் கிடப்பவரை மது நிலவறையில் அடைத்துக் காற்றோட்டத்தை நிறுத்திவிட்டு நியூயார்க் ஏலத்துக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்ததும் பிணத்துக்கு முக்குளிப்பு உடையை மாட்டிக் கடலில் போட்டு, விபத்துபோல ஜோடிக்கிறார். இடைப்பட்ட நாட்களில் ஊரில் அடித்த கடும் வெயிலும் நிறுத்திவைத்த குளிர்சாதனமும் சேர்ந்து நிலவறையிலிருந்த அரிய ஒயின்களைக் கெடுத்துவிட்டன என்பது அவருக்குத் தெரியாது.

சொத்துரிமை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வர்க்க வாசிப்பினர் ஏன் கவனிக்காமல் விட்டார்கள் என்று விளங்கவில்லை. ஆலையின் உடைமையாளர் கொல்லப்படுபவர். ஆண்டுக்கணக்கில் அதை நடத்தி அதன் பெயரைக் காப்பாற்றி வந்தவர் கொலையாளி. விளையாட்டுக் காரும் முக்குளிப்புமாகத் திரியும் வாரிசு, தன் பத்திரத்தின் பலத்தில், வேலை தெரிந்தவரின் வாழ்நாள் உழைப்பை விற்கப்போகிறார். பழிதீர்ப்பு என்ற சட்டகத்தை இதன்மேல் வைத்தால், பழிதீர்த்துக்கொண்டவர் ஏட்ரியனே என்று ஆகிவிடும். கொலம்போ உடைமையின் காவலராக நிற்க வேண்டியிருக்கும். இதை நான் ஏட்ரியனுக்கான வக்காலத்தாகச் சொல்லவில்லை. கொலை கொலைதான். சட்டகம் எங்கே இடிக்கிறது என்பதைத்தான் காட்டுகிறேன்.

விசாரணையின் நடுவே ஒரு சிறு காட்சி வருகிறது. ஒயின் பற்றி விவரம் தெரிந்த ஒருவரிடம் போய், அதைப் பற்றி எல்லாவற்றையும் கற்க எவ்வளவு காலம் ஆகும் என்று கொலம்போ கேட்கிறார். பல பத்தாண்டுகள் என்ற மாதிரி பதில் வருகிறது. அப்படியானால் கையிலிருக்கும் கொஞ்ச நேரத்தில் எவ்வளவு சொல்லித்தர முடியும் என்று மறுபடி கேட்கிறார். நகைச்சுவைக்காக வைத்த துணுக்கு என்று இதைத் தள்ளிவிடுவார்கள். அக்காட்சியில் யார் இல்லை என்று பாருங்கள். ஏட்ரியன் இல்லை. சந்தேக வளையத்தில் இருக்கும் எவரும் இல்லை. ஏமாற்ற வேண்டிய ஆளே இல்லாத இடத்தில் வேடம் எதற்கு? கொலம்போ அங்கேயும் அதே தடுமாற்றத்தோடும் அதே பணிவோடும்தான் கேட்கிறார். பார்வையாளரை ஏமாற்றவே அங்கும் வேடம் என்று சிலர் சொல்லக்கூடும். கொலையாளி யார் என்பதை முதல் கால் மணி நேரத்திலேயே பார்வையாளருக்குக் காட்டிவிடும் தொடரில் அந்த வாதத்துக்குப் பெரிய வலு இல்லை.

பாடம் பிறகு ஏட்ரியனிடமே தொடர்கிறது. ஏட்ரியன் ஊற்றித் தருகிறார்; கொலம்போ முகர்ந்து, சுவைத்து, தயங்கித் தயங்கி ஒரு விடை சொல்ல, அது சரியாக அமைகிறது. அந்த நொடியில் ஏட்ரியனின் முகத்தில் வருவது மகிழ்ச்சி. தன்னை வேவு பார்க்க வந்தவர் என்ற எச்சரிக்கையை, நல்ல மாணவன் கிடைத்தான் என்ற நிறைவு ஒரு கணம் மறைத்துவிடுகிறது. பிளசன்ஸ் இதை வசனத்தில் அல்ல, கண்ணில் செய்கிறார். மேல்தட்டின் அலட்சியம் இங்கே எங்கே இருக்கிறது? மலிவு ஒயினை ஏட்ரியன் வெறுக்கிறார், ஆனால் மழைக்கோட்டுக்காரருக்கு நல்ல ஒயினை மறுக்கவில்லை.

உணவகக் காட்சிக்கு வருகிறேன். ஏட்ரியனையும் அவருடைய செயலாளர் கேரன் ஃபீல்டிங்கையும் கொலம்போ விருந்துக்கு அழைக்கிறார். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கும் விருந்து என்பது பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு 1945ஆம் ஆண்டின் அரிய போர்ட் ஒயின் ஒன்று வருகிறது. இப்படி ஒன்று இந்த உணவகத்தில் இருக்கிறதா என்று ஏட்ரியன் முதலில் பூரித்துப்போகிறார். கோப்பை உதட்டுக்குப் போகிறது. ஒரு மிடறு. முகம் கோணுகிறது. இந்த ஒயின் கடும் வெப்பத்தில் கிடந்து கெட்டிருக்கிறது, இதைக் கொண்டுவந்து வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று பரிசாரகர்கள்மீது எரிந்து விழுந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். அந்தப் புட்டி அவருடைய நிலவறையிலிருந்தே கொலம்போ சொல்லாமல் எடுத்து வந்தது என்பது அடுத்த காட்சியில்தான் தெரிகிறது.

இதை ஒரு பொறி என்று மட்டும் படித்துவிட்டுப் போவது வழக்கம். அதன் இயக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். நிலவறை சூடேறியது என்பது கொலம்போவுக்கு அதுவரை ஊகம். மது கெட்டிருந்தால் குளிர்சாதனம் நிறுத்தப்பட்டிருந்தது உறுதியாகும். நிறுத்தப்பட்டிருந்தால் உள்ளே ஒருவர் மூச்சுமுட்டிச் செத்திருக்கலாம் என்பதும் உறுதியாகும். மது கெட்டதா என்று எப்படி அறிவது? கொலம்போவின் நாக்கு சில நாள் பயிற்சி பெற்ற நாக்கு, அதை நம்ப முடியாது. அந்த ஊரில் அதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய அளவுகோலாகக் கதை நமக்குக் காட்டுவது ஒன்றே ஒன்று. அது கொலையாளியின் நாக்கு. ஏட்ரியன் கொஞ்சம் மட்டமான சுவைஞராக இருந்திருந்தால், அல்லது மட்டமான மதுவை மரியாதைக்காக விழுங்கிவிடக்கூடியவராக இருந்திருந்தால், தப்பியிருப்பார். ஏகலைவன் கதையைத் திருப்பிப் போட்டதுபோல, இங்கே குருவின் கட்டைவிரலை மாணவன் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

பரிசாரகர்களிடம் எரிந்து விழுவது வர்க்கத் திமிர் இல்லையா என்று கேட்கலாம். திமிர்தான். ஆனால் தன் தொழிலில் அரைகுறை வேலையைக் கண்ட எந்தக் கைவினைஞரிடமும் அந்தத் திமிரைப் பார்க்கலாம். போர்ட் வெப்பத்தை ஓரளவு தாங்கும் வகை ஒயின் ஆயிற்றே, ஒரு வாரச் சூட்டில் இவ்வளவு கெடுமா என்ற மறுப்பும் உண்டு. ஒயின் அறிவியல் வகுப்புக்கு அது பொருத்தமான கேள்வி. ஒரு மிடறைச் சாட்சியமாக நீதிமன்றம் ஏற்குமா என்பதும் அப்படியே. இந்தத் தொடரில் அநேகமாக எந்த வழக்கும் கூண்டுவரை போவதை நாம் பார்ப்பதில்லை.

அடுத்து கடற்கரைக் குன்றின் காட்சி. கெட்டுப்போன தன் புட்டிகளை ஏட்ரியன் ஒவ்வொன்றாகக் கடலில் எறிந்துகொண்டிருக்கும்போது கொலம்போ வந்து நிற்கிறார். தடயத்தை அழிக்கிறார் என்பதே பரவலான வாசிப்பு. அது முழுப் பொருளாக எனக்குப் படவில்லை. தடயம் என்று பார்த்தால் அந்தப் புட்டிகளுக்கு நிலவறையைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. திறந்து குடித்தாலும் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அச்சம் மட்டும் இருந்தால் வைத்திருக்கலாம். கெட்ட மதுவைத் தன் கூரையின்கீழ் வைத்திருக்க முடியாதவர்தான் எறிவார். உணவகத்தில் அவரைக் காட்டிக்கொடுத்த அதே குணம் இங்கே அவரைக் குன்றின்மேல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

இறுதிக் காட்சி பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது, அதிகம் தவறாகவும் எழுதப்பட்டிருக்கிறது. கைதுசெய்து அழைத்துப் போகும் வழியில் கொலம்போ ஆலைக்கு முன் காரை நிறுத்துகிறார். ஒரு புட்டியை எடுக்கிறார். அது இத்தாலியின் மோன்டெஃபியாஸ்கோனே, உணவுக்குப் பின் அருந்தும் ஒயின். ஏட்ரியன் அந்தத் தேர்வைப் பாராட்டி, நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். கொலம்போ நெகிழ்ந்துபோகிறார். இதைக் கருணை என்கிறார்கள். இருவரும் இத்தாலிய வம்சாவளியினர் என்பதால் இன உணர்வு என்றும் ஒரு சாரார் சொல்கிறார்கள். ரிக்கும் கார்சினிதான், அந்த உணர்வு அவர் பக்கமும் சாய்ந்திருக்க வேண்டும், சாயவில்லை. கருணை என்றால் பாராட்டைக் கைதியிடமிருந்து எதிர்பார்க்கும் கருணை என்ன கருணை? அது தேர்வு முடிவு. ஆசிரியர் மதிப்பெண் போடுகிறார், மாணவர் தேறுகிறார். தொடர் முழுவதும் போலிப் பாராட்டுகளைத் தலையசைத்து வாங்கிக்கொள்ளும் கொலம்போ, இந்த ஒரு பாராட்டை மட்டும் மனசார வாங்கிக்கொள்வதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இது விதிவிலக்கு என்பவர்களுக்கு வேறு சில அத்தியாயங்களை நினைவூட்டுவது போதும். 1973 டிசம்பரில் வந்த 'டபுள் எக்ஸ்போஷர்' கதையில், படச்சுருளில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் காட்சித் துண்டுகளைச் செருகும் உத்தி கொலையாளியுடையது. கொலம்போ அதே உத்தியை அவர்மீதே ஏவி, ஒளித்துவைத்த பொருளின் இடத்தை அவரே காட்டும்படி செய்கிறார். 1974இன் 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்' கதையில் ஒளிப்படக் கலைஞர் பால் கலேஸ்கோ, இடவலம் மாற்றி அச்சிட்ட படத்தைக் கண்டதும் பொறுக்க முடியாமல், மூல நெகட்டிவ் இருக்கும் கேமராவை அலமாரியிலுள்ள பலவற்றிலிருந்து சரியாக எடுத்துக் காட்டிவிடுகிறார். அது எந்தக் கேமரா என்பது கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்க முடியும். அதே ஆண்டின் 'எ ஃப்ரெண்ட் இன் டீட்' கதையில் கொலையாளி கொலம்போவின் மேலதிகாரி. காவல் கோப்பைப் படித்துப் பயன்படுத்தும் அவருடைய தொழில் பழக்கமே அவரைப் பொய் முகவரிக்கு இட்டுச்செல்கிறது. எல்லா அத்தியாயத்துக்கும் இது பொருந்தும் என்று வாதிட நான் வரவில்லை. 'எட்யூட் இன் பிளாக்' கதையில் இசை நடத்துநரை மாட்டிவிடுவது கோட்டில் செருகிய ஒரு பூ. அதில் இசைக்கு வேலையில்லை. 1968இன் 'பிரிஸ்கிரிப்ஷன்: மர்டர்' என் வாதத்துக்கு இன்னும் கடினமானது. அங்கே கொலம்போ உளவியல் மருத்துவரின் வித்தையைக் கற்பதில்லை, அவருக்கு உடந்தையான பெண்ணை மிரட்டி உடைக்கிறார். அது 1962 மேடை நாடகத்திலிருந்து வந்த படம். கொலம்போ அப்போது இன்னும் கொலம்போ ஆகவில்லை. வர்க்க வாசிப்பு தன் மேற்கோள்களைப் பெரிதும் இந்தப் படத்திலிருந்தே எடுப்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

மூலத்தைத் தேடினாலும் அந்த வாசிப்புக்கு ஆதரவு குறைவு. ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் கொலம்போவை உருவாக்கியதில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் பர்ஃபீரிக்குப் பங்குண்டு என்பது தெரிந்ததே. அங்கே வறியவன் கொலையாளி ரஸ்கோல்னிகோவ், அரசு இல்லத்தில் வசதியாக இருப்பவர் விசாரணை அதிகாரி. வர்க்கம் அப்படியே தலைகீழ். ஆனால் பர்ஃபீரி எதை வைத்து அவனை நெருங்குகிறார்? குற்றம் குறித்து அவன் எழுதி இதழில் வெளியான கட்டுரையை வைத்து. கொலம்போ அவரிடமிருந்து பெற்றது ஏழ்மையல்ல, கொலையாளியின் படைப்பைக் கூர்ந்து படிக்கும் பழக்கம்.

எனவே ஆய்வு 1968இலிருந்து தொடங்குவதைவிட, 1971 செப்டம்பரில் ஸ்டீவன் போச்கோ எழுதி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'மர்டர் பை த புக்' அத்தியாயத்திலிருந்து தொடங்குவது தகும். அதில் ஜாக் கேசிடி நடித்த கென் ஃபிராங்க்ளின், துப்பறியும் நாவல்களுக்குத் தன் பெயரையும் போட்டுக்கொள்பவர். எழுதுவதெல்லாம் கூட்டாளி ஜிம் ஃபெரிஸ். கூட்டாளியைக் கொன்ற முறை கூட்டாளியின் தாள்களிலேயே குறிப்பாக இருந்ததைக் கொலம்போ எடுத்துக் காட்டுகிறார். அப்போது கென் அந்தக் கொலையை மறுக்க முயல்வதில்லை. அந்த யோசனை ஜிம்முடையது அல்ல, தான் சொன்னது, தனக்குத் தோன்றிய ஒரே நல்ல யோசனை அதுதான் என்று உரிமை கோருகிறார். கைதாகும் நேரத்தில் ஒருவர் மாளிகையை அல்ல, ஆசிரியத்துவத்தைக் காத்துக்கொள்ள முயலும் இந்தக் கோரலை வர்க்க வாசிப்பு எந்தக் கட்டத்தில் வைக்கும் என்று அதன் ஆதரவாளர்கள்தான் சொல்ல வேண்டும்.