நம் முன்னோர் வேட்டை பயிற்றிய முறை



நம் பெருநகருக்கு அணித்தேயுள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய அவை, ஊர்ச்சபைக்குத் தக்காரைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்தும் அம்முறையை நாம் அறிய முடிகிறதென்றால், அது கல்லில் வெட்டப்பட்டதனாலன்றோ? அதே நாட்டில், அதே ஏரிக்கரைகளில் வாழ்ந்த வேட்டுவக் குடியினரும் ஒரு கல்வியைப் பேணி வந்தனர். அக்கல்வி கல்லிலும் இல்லை, ஓலையிலும் இல்லை. முன்னே நடப்பவர் காலடியும், பின்னே நடக்கும் பிள்ளையின் கண்ணுமே அதற்கு ஏடாயிருந்தன. இருளர் குலத்தாராகிய நமக்கு முன்னோர் வைத்துச் சென்ற பெருஞ் சொத்து அஃதொன்றே. அது கற்பிக்கப்பட்ட விதத்தையும், இன்று அதற்கு நேர்ந்துள்ள நிலையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நம் தொண்டை நாட்டில் வேட்டையின் நினைவு ஊர்ப்பெயரிலும் திருவிழாவிலும் நிலைத்திருக்கிறது. பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவதை நம்மிற் பலர் கண்டிருக்கலாம். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல், வேடர் தங்கிய இடம் என்னும் பொருளால் பெயர் பெற்றதென்பர். அவ்வேரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்தியபோது ஊரார் முறையிட, 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவர் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாதலை ஊரார் அறிந்திருந்தனர். வேடர் பெயர் கொண்ட ஊரே பறவைகளுக்கு அடைக்கலமாயிற்று. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

இலக்கியத்தை நோக்குவோம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குச் செல்லும் வழியிலே எயினர் குடியிருப்பு வருகிறது. எயிற்றியர் இரும்புப் பூண் கட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுப்பதும், எயினர் நீர்நிலை ஓரத்துக் குழிகளில் இரவில் ஒளிந்திருந்து விலங்கை எதிர்நோக்குவதும், நாய்களோடு முயல் வேட்டை செல்வதும் அதிலே காட்டப்படுகின்றன. அவ்வெயினரே நம் பாட்டன்மார் என்று நான் சாதிக்க வரவில்லை. பெருமைக்காகச் சான்றின்றிப் பேசுதல் சரித்திரத்துக்கு அழகன்று. ஆயினும் கடப்பாரையால் வரப்பைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுக்கும் நம் பெண்டிரைக் கண்டவர், அப்பாட்டைக் கேட்டால் புதுமை கொள்ளார்.

வேட்டையை இளையோர்க்குப் பயிற்றிய முறையை விரிவாகக் காட்டுவது பன்னிரண்டாம் நூற்றாண்டிற் குன்றத்தூர்ச் சேக்கிழார் அருளிய பெரியபுராணம். உடுப்பூர் வேடர் தலைவன் நாகன், தன் மகன் திண்ணனுக்கு விற்பயிற்சி தொடங்க நாள் குறித்து விழா எடுக்கிறான். திண்ணன் பதினாறு வயதை எய்துகிறான். நாகனுக்கோ முதுமை வந்து காட்டில் முன்போல் முயல இயலவில்லை. அப்போதுதான் தலைமையை மகனிடம் ஒப்புவித்து, தேவராட்டியின் வாழ்த்தோடு கன்னி வேட்டைக்கு அனுப்புகிறான். திண்ணனைக் காளத்தி மலைக்கு இட்டுச் சென்றது அம்முதல் வேட்டையே. அவரே கண்ணப்ப நாயனாராயினார் என்பதை யாவரும் அறிவர். ஆனால் அவ்வேட்டையை வருணிக்குமிடத்தில் சேக்கிழார் கூறும் ஒரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அவ்வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. சூல் கொண்டு நடை தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை என்கிறார். வில்லெடுத்த முதல் நாளிலேயே எதை விட வேண்டுமென்பதும் உடன் கற்பிக்கப்பட்டது என்று இதனால் அறிகிறோம். வேட்டைக் கல்வியின் உயிர்நாடி இஃதேயாகும்.

இனி நம் குலத்து வழக்கத்துக்கு வருவோம். 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தமது நூலில் எட்கார் தர்ஸ்டன் துரை, செங்கற்பட்டு, ஆர்க்காட்டுப் பக்கத்து இருளரைப் பற்றி எழுதுகையில், வில்லியர் என்னும் பெயரையும் குறித்துள்ளார். வில்லையுடையார் என்பது அதன் பொருள். வில் நம் கையை விட்டுப் போய் நெடுங்காலமாயிற்று. ஆயினும் அடிச்சுவடு பார்க்கும் கண் போகவில்லை.

அக்கண் எவ்வாறு உண்டாக்கப்பட்டதென்பதை என் சொந்த அனுபவத்தால் கூறுகிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் பாட்டனார் செய்யாற்றங்கரைக்கு என்னை அழைத்துப் போகத் தொடங்கினார். முதல் ஓராண்டு எனக்கிட்ட வேலை துணிப்பையைச் சுமப்பதும், வாய் திறவாமல் பின்னே நடப்பதுமே. எதையும் தொடக் கூடாது. வளை ஒன்றைக் கண்டால் அவர் நின்று என் முகத்தைப் பார்ப்பார். வாயிலில் சிலந்தி நூல் கட்டியிருந்தால் இரவு யாரும் போக்குவரத்து இல்லை. புதுமண் ஈரமாய்க் கிடந்தால் எலி உள்ளே இருக்கிறது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். புழுதியில் கிடந்த தடத்தின் வளைவைக் கொண்டு, போனது எது, எத்திசையிற் போயிற்று என்பதையும், விளிம்பு சரிந்திருப்பதைக் கொண்டு எப்போது போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அவர் கடிந்துகொள்வதில்லை. பேசாமல் மேலே நடந்துவிடுவார். அந்த மௌனத்துக்கு நான் அஞ்சியதுபோல் பிற்காலத்தில் எந்த உபாத்தியாயரின் பிரம்புக்கும் அஞ்சியதில்லை.

ஒரு நாள் புதரோரத்தில் உடும்பொன்று குழி பறிப்பதை நானே முதலிற் கண்டு, உற்சாகத்தால் பாய்ந்தேன். பாட்டனார் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “முட்டை வைக்க வந்திருக்குதுடா. இன்னிக்கு இதப் புடிச்சா வர்ற வருஷம் நீ யாரத் தேடுவ?” என்றார். அன்று வெறும் பையோடு வீடு திரும்பினோம். வழியில், காலையில் தோண்டிய வரப்பைக் காலால் மிதித்து மூடிவிட்டுத்தான் வந்தார். வரப்பு உடைந்து நீர் வடிந்தால், மறுநாள் வயற்காரர் நம்மை உள்ளே விடாரென்பது ஒன்று. பிறர் நிலத்தைப் பாழ்படுத்தலாகாதென்பது மற்றொன்று. பாம்பைக் கையாற் பற்ற அவர் என்னை அனுமதித்தது இதற்கெல்லாம் பின்னரே. கண், பொறுமை, கை என்பதே அவர் வகுத்த வரிசை.

இவ்வளவு சொன்னவன் மற்றொன்றை மறைத்தல் தகாது. அக்காலத்தில் பாம்புத் தோலுக்கு அயல்நாடுகளில் பெருங்கிராக்கி இருந்தது. தோல் வியாபாரிகள் வாங்க வாங்க, நம்மவர் சிறிது பெரிது பாராமல் பிடித்தனர். என் பாட்டனாரும் அவ்வாறு செய்தவரே. “கடன்காரன் வாசல்ல நிக்கும்போது சூல் எது, குட்டி எதுன்னு பாக்க முடியலடா” என்று முதுமையில் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயிரம் ஆண்டு நிலைத்த கட்டுப்பாட்டைப் பசியும் கடனும் சில பத்தாண்டில் உடைத்துவிட்டன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. சட்டம் நியாயமானதே. ஆயினும் ஒரு குலத்தின் அடுப்பு அன்றோடு அணைந்தது. பலர் செங்கற்சூளைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் முன்பணத்துக்காகத் தம்மை ஒப்புவித்த துயரத்தை நம் சங்கத்தார்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நிலையில் பிறந்ததே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஊர்வன ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978-ல் அமைந்த இது, மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இயங்கி வருகிறது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும், வனத்துறை வரையறுத்த எண்ணிக்கைக்குள் அனுமதி பெற்று, ஆணும் பெண்ணுமாக நம்மவர் பிடித்து வருகின்றனர். அவை மண்பானைகளில் வைத்துக் காக்கப்படும். சில வாரங்களுக்குள் ஏறக்குறைய நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடப்படும். அடையாளமுள்ள பாம்பு மறுபடி அகப்பட்டால், அதைத் துன்புறுத்தாமல் விட்டுவிடலாமன்றோ? சூல் கொண்ட பிணையை விட்ட வேடரின் தருமம் செதில் அடையாளமாய்த் திரும்பி வந்திருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

எடுத்த விஷம் உலர்த்தப்பட்டு மருந்துச் சாலைகளுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ச்சத்தைப் பிரித்துப் பாம்புக்கடி மருந்தாக்குகின்றனர். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். அவர்களிற் பெரும்பாலார் சிற்றூர்வாசிகள். களையெடுக்கும் பெண்ணும், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவனும் உயிர் பிழைப்பதற்கு, எங்கோ ஓர் இருளர் வரப்போரம் குனிந்து தடம் பார்த்தது காரணமாயிருக்கிறது.

இக்கல்வியின் மதிப்பு கடல் கடந்தும் விளங்கியது. அமெரிக்காவின் புளோரிடா நாட்டுச் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள சிற்றுயிர்களை விழுங்கித் தீர்த்தன. அந்நாட்டார் பல வழிகளைக் கையாண்டும் அவற்றைக் கண்டுபிடிப்பதே அரிதாயிருந்தது. 2017 ஜனவரியில் நம்மவராகிய வடிவேல் கோபாலும், மாசி சடையனும் அங்கே அழைக்கப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். அவர்கள் அம்மண்ணை முன்பின் கண்டவரல்லர். அப்பாம்பும் அவர்கள் ஊர்ப் பாம்பன்று. இளமையில் மூத்தோர் பின்னே நடந்து கற்ற கண்ணே அவர்களோடு சென்ற கருவி. 2023-ல் இந்திய அரசாங்கம் இருவருக்கும் பத்மஸ்ரீ விருதளித்துச் சிறப்பித்தது.

அன்பர்களே, இனிச் சொல்வதே என் மனத்தை வருத்துவது. விருது பெற்றவரைப் போன்ற முதியோர் நம் குடியிருப்புகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர் பின்னே நடக்கும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சுகின்றன. “நான் பட்டது போதும், என் மகனாவது படித்து நாற்காலியில் உட்காரட்டும்” என்று தாய்மார் கூறுகின்றனர். அவர்களை நான் குறை கூறேன். கடிபட்டு விரலிழந்த கணவனைக் கண்ட தாய் வேறெவ்வாறு கூறுவாள்? பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவே வேண்டும். ஒரு நாளும் தவறலாகாது. இத்தொழிலையே ஒவ்வொருவரும் செய்ய வேண்டுமென்பதும் என் கருத்தன்று. ஆனால் எழுத்தறிவு வந்ததென்று சுவடறிவை எறிந்துவிட வேண்டுவதில்லை. இரண்டும் உடையவன் நாளை உயிர்நூல் ஆராய்ச்சியிலும், வனத்துறையிலும், மருந்துச் சாலையிலும் பிறர் அடையவியலாத இடத்தை அடைவான்.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விடுமுறை நாட்களில், ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு மூத்தாருடன் நாலைந்து பிள்ளைகள் ஏரிக்கரை மீது நடந்து வரட்டும். பிடிப்பதற்கன்று, பார்ப்பதற்கே. தடம், வளை, எச்சம், சட்டை, மூலிகை ஆகியவற்றுக்கு மூத்தார் வழங்கும் சொற்களைப் படித்த பிள்ளைகள் ஏட்டில் எழுதிக் கொள்ளட்டும். பெண் பிள்ளைகளை ஒதுக்கலாகாது. நம் பெண்டிர் இக்கல்வியில் ஆடவர்க்குக் குறைந்தவரல்லர். அனுமதியின்றிப் பாம்பைப் பிடித்தல் குற்றமென்பதையும், வேடிக்கைக்காகப் பாம்பைக் கையிலெடுத்தல் மடமையென்பதையும் முதல் நாளே கற்பிக்க வேண்டும். யாரேனும் கடிபட்டால் கட்டுப் போடாமலும், கீறாமலும், மந்திரத்துக்குக் காத்திராமலும், உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதும் அப்பாடத்திற் சேர்ந்ததே.

நாகனுக்கு முதுமை வந்தபோது திண்ணன் ஆயத்தமாயிருந்தான். நம் முதியோர்க்கும் முதுமை வந்துவிட்டது. வாலிபர்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் பாட்டனார் கடப்பாரையை எடுத்துப் புறப்பட்டால், துணிப்பையை நீங்கள் வாங்கிக் கொள்ளுங்கள். ஒன்றும் கேளாமல் பின்னே நடங்கள்.