எஞ்சினின்ட பாரத்தையும் கொஞ்சம் கதைப்பம்

சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய எஞ்சின் மாத்திப் போடுறது பிரயோசனமா எண்டு கதை தொடங்கினால், ஆராவது ஒருத்தன் ஷெல்பி கோப்ராவை இழுத்துக்கொண்டு வந்திடுவான். நியாயமான உதாரணம்தான். பிரித்தானியாவின் ஏசி ஏஸ் காருக்குள் 1962இல் ஃபோர்ட் வி8 எஞ்சினைப் பொருத்த வைத்தவர் கரோல் ஷெல்பி. அந்தக் கார் புகழ்பெற்றுவிட்டது. ஆனால் வென்ற ஒண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. எனக்கு எம்ஜிபியின் கதைதான் பிடிக்கும். ஒரே உடம்பு, இரண்டு தரம் எஞ்சின் மாற்றம், இரண்டு விதமான முடிவு.

எம்ஜிபி 1962இல் வந்தபோது அதில் இருந்தது 1.8 லீட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின். 1967இல் கொம்பனியே அதற்குள் 2.9 லீட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை வைத்து எம்ஜிசி என்று விற்றது. முழுக்க வார்ப்பிரும்பு. பழையதைவிட 95 கிலோ அளவு கூடின பாரம், அதுவும் முழுக்க மூக்கில்! பழைய முன்பக்க சஸ்பென்ஷனுக்கு மேலே எஞ்சின் குந்தவில்லை. அதைக் கழற்றிவிட்டு முறுக்குக் கம்பிகளில் இயங்கும் வேறொன்றைப் போட்டார்கள். பொனெட்டையும் புடைக்க விடவேண்டி வந்தது. நேர் ரோட்டில் நல்லாப் போகும், வளைவில் மூக்குத் திரும்பாது எண்டு அன்றைய மோட்டார் பத்திரிகைகள் போட்டு வாங்கின. 1969இல் நிறுத்திவிட்டார்கள்.

அடுத்ததைத் தொடங்கினது கொம்பனி இல்லை, கென் கொஸ்டெலோ என்ற தனி மனுசன். 1970 அளவில் ரோவரின் 3.5 லீட்டர் வி8ஐ எடுத்து எம்ஜிபிக்குள் வைத்தார். அமெரிக்காவின் பியூக்கிலிருந்து ரோவர் வாங்கிய வடிவமைப்பு அது. அலுமினியம் என்பதால், எட்டு சிலிண்டர் இருந்தும் பழைய நாலு சிலிண்டர் எஞ்சினின் பாரம்தான். பிரிட்டிஷ் லேலண்ட் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்துவிட்டு, 1973இல் தாங்களே எம்ஜிபி ஜிடி வி8 எண்டு ஒன்றை இறக்கினது.

இதில கவனிக்க வேண்டியது குதிரைவலு. எம்ஜிசிக்கு 145, வி8க்கு 137. குறைந்த வலு உள்ளதுதான் நல்ல கார்! எஞ்சின் மாத்திற வீடியோக்கள் எல்லாம் வலுவை மட்டும் கத்துறதும், பாரத்தைப் பற்றி மூச்சும் விடாததும் எனக்கு எரிச்சல். எங்கட பட்ச்சில காருக்குக் காசு சேர்க்கிற ஒருத்தனுக்கு இதைச் சொன்னேன். ‘கலைப்பீடத்துக்காரன் எஞ்சின் கதைக்கிறான்’ எண்டு சிரிச்சான்.

ஆனாலும் வி8 விற்கவில்லை. விலை கூட. ஃபோர்டின் 3 லீட்டர் கப்ரியை அதைவிட மலிவாக வாங்கலாம். கார் வந்து சில மாதத்துக்குள் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பவேயில்லை. 1976இல் நிறுத்தும்போது செய்திருந்தது 2,591 கார்கள்.

1992இல் ரோவர் அதே எம்ஜிபி உடம்பைத் திருத்தி, அதே வி8இன் 3.9 லீட்டர் வடிவத்தை வைத்து ஆர்வி8 என்று திரும்ப விற்றது. அதில் பெரும்பகுதியை வாங்கினது யப்பான்காரர்.